பிள்ளை பிடிக்கிறவன் வந்தானா?

குழந்தை சாப்பிட மறுக்கிறது. அம்மா என்ன சொல்கிறாள்? "அதோ பார், பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான்" என்கிறாள். குழந்தை பயந்துபோய் வாயைத் திறக்கிறது. ஒரு வாய் சோறு உள்ளே போகிறது.

இது பழைய கதை. பாட்டி காலத்திலும் உண்டு. தோளில் சாக்கு மூட்டையோடு யார் வந்தாலும் பிள்ளைகள் ஓடி ஒளியும். எங்கேயோ பாலம் கட்டுகிறார்கள், அதற்குப் பிள்ளையைப் பலி கொடுக்கிறார்கள் என்றும் பேசிக்கொள்வார்கள்.

அன்றைக்கும் புரளி இருந்தது. ஆனால் அது நடந்து வந்தது. கிணற்றடிக்கு வந்தது. டீக்கடைக்கு வந்தது. வந்து சொல்கிறவருக்கு ஒரு முகம் இருந்தது. "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்கலாம். "சந்தையில் சொன்னார்கள்" என்பார். "சந்தையில் யார்?" என்று கேட்டால் விழிப்பார். பாதிப் புரளி அங்கேயே படுத்துவிடும்.

இன்றைக்குப் புரளி செல்போனில் வருகிறது. அதற்கு முகம் இல்லை. அதனால் இந்தியாவில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

ராயின்பாடா கிராமம்

மகாராஷ்டிரா மாநிலத்தில் துலே என்று ஒரு மாவட்டம். அங்கே ராயின்பாடா என்று ஒரு சிறிய கிராமம். 2018-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. அன்று வாரச்சந்தை. நல்ல கூட்டம்.

சிலர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்கள் நாடோடிக் கோசாவி சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிச்சை வாங்குவது அவர்கள் வழக்கம். நம் ஊர்க் குடுகுடுப்பைக்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோரின் சொந்த ஊர் சோலாப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. ராயின்பாடாவிலிருந்து அது பல நூறு கிலோமீட்டர் தூரம்.

அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே அந்தப் பகுதியில் செல்போன்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்றது அந்தச் செய்தி. வந்தவர்களில் ஒருவர் ஒரு சிறுமியிடம் ஏதோ பேசினார். அவ்வளவுதான். கூட்டம் சூழ்ந்துகொண்டது. பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் அவர்களை இழுத்துப் போனார்கள். கட்டையால் அடித்தார்கள். தடுக்க வந்த போலீசாருக்கும் அடி விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள்.

அந்த ஐந்து பேரும் எந்தப் பிள்ளையையும் பிடிக்க வரவில்லை.

ராயின்பாடா மட்டும் அல்ல. அந்த ஒரே கோடையில் பல மாநிலங்களில் இப்படி நடந்தது. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம். 2018 மே மாதம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. உறவினர்களோடு காரில் குலதெய்வம் கோயிலுக்குப் போனார். வழி கேட்க இறங்கிய இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பாசமாகக் கொடுத்தார். அதுவே அவர் உயிருக்கு வினையானது.

கர்நாடகாவில் பீதர் மாவட்டம். 2018 ஜூலை. ஐதராபாத்திலிருந்து காரில் வந்த நண்பர்கள். அவர்களும் பிள்ளைகளுக்குச் சாக்லேட்தான் கொடுத்தார்கள். ஊரார் சந்தேகப்பட்டுச் சூழ்ந்ததும் பயந்துபோய்க் காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கார் எவ்வளவு வேகமாகப் போகும்? செய்தி அதைவிட வேகமாகப் போனது. கார் போய்ச் சேரும் முன்பே அடுத்த ஊர்க்காரர்களின் செல்போனில் செய்தி வந்துவிட்டது. அவர்கள் சாலையை மறித்து நின்றார்கள். காரில் வந்த ஒரு பொறியாளர் அடிபட்டு இறந்தார்.

திரிபுராவில் நடந்தது இன்னும் கொடுமை. 2018 ஜூன் மாதம். வதந்தியை நம்பாதீர்கள் என்று ஊர் ஊராக மைக்கில் சொல்ல அரசாங்கம் ஒருவரை வேலைக்கு அமர்த்தியது. வண்டியில் ஒலிபெருக்கியோடு அவர் போனார். அவரையே பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்துக் கொன்றுவிட்டார்கள்.

அந்த வீடியோ எங்கிருந்து வந்தது?

"சும்மா சொன்னால் நம்புவார்களா? வீடியோ வந்ததே, கண்ணால் பார்த்தோமே" என்று பலர் சொன்னார்கள். உண்மைதான். பார்த்தார்கள்.

அந்த வீடியோவில் என்ன இருந்தது? தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்க்கிறவர் வயிறு கலங்கும்.

ஆனால் அது இந்தியாவில் எடுத்த படமே அல்ல. பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் எடுத்தது. உண்மையான கடத்தலும் அல்ல. காணாமல் போன குழந்தைகளைத் தேடும் ஒரு தொண்டு நிறுவனம் அங்கே இருக்கிறது. அதன் பெயர் ரோஷ்னி. அந்த நிறுவனத்துக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. நடித்து எடுத்த படம்.

முழுப் படத்தில் கடைசிக் காட்சி ஒன்று உண்டு. தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வருகிறார்கள். சிறுவனைப் பத்திரமாக இறக்கி விடுகிறார்கள். ஓர் அட்டையைக் காட்டுகிறார்கள். கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாக இருங்கள் என்று பொருள் வரும்படி அதில் எழுதியிருக்கிறது.

யாரோ ஒருவர் இந்தக் கடைசிக் காட்சியை வெட்டி எறிந்தார். மீதியை மட்டும் அனுப்பினார். துணியில் பாதியை வெட்டினால் மீதியும் துணிதான். செய்தியில் பாதியை வெட்டினால் மீதி பொய்யாகிவிடுகிறது. பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம் ஆட்களைக் கொல்லப் பயன்பட்டது.

வெட்டியவர் யார்? இன்றுவரை தெரியாது.

எப்படி இவ்வளவு வேகம்?

முன்பு செல்போனில் இணையம் என்றால் செலவு அதிகம். 2015 வாக்கில் ஒரு ஜிபி இணையத்துக்கு ஏறக்குறைய 250 ரூபாய் ஆகும். கூலி வேலை செய்கிறவர் அந்தப் பணத்துக்கு வீடியோ பார்ப்பாரா? 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி வந்தது. முதல் சில மாதங்கள் இலவசமாகவே கொடுத்தது. மற்றக் கம்பெனிகளும் விலையைக் குறைத்தன. கிராமத்துக்கு ரோடு வரும் முன்பே வீடியோ வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வீடியோ பார்க்கலாம், குரல் பதிவு கேட்கலாம். இது நல்ல காரியம்தான். வெளிநாட்டில் இருக்கும் மகன் முகத்தைத் தாய் தினமும் பார்க்கிறாள். உரம் விலை, மழை நிலவரம் எல்லாம் கைக்குள் வருகிறது. அதே வழியாகத்தான் புரளியும் வந்தது.

வாட்ஸ்அப் பற்றி உங்களுக்குத் தெரியும். வந்த செய்தியை அப்படியே அடுத்தவருக்கு அனுப்புவதை ஃபார்வர்டு என்கிறோம். ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் ஐந்து பேருக்கு அனுப்புகிறார். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் 25. அடுத்து 125. அடுத்து 625. ஐந்தாவது படியில் 3,125. இப்படியே பத்தாவது படிக்குப் போனால் எத்தனை பேர் தெரியுமா? 97 லட்சத்து 65 ஆயிரத்து 625 பேர்! நீங்களே பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்.

இது ஐந்து தனி ஆட்களுக்கு அனுப்பினால் வரும் கணக்கு. 2018-இல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குழுவுக்கு அனுப்பினால் முதல் படியிலேயே ஆயிரம் பேரைத் தாண்டிவிடும்.

வேகம் ஒரு பக்கம். நம்பிக்கை இன்னொரு பக்கம். செய்தியை நமக்கு அனுப்புகிறவர் யார்? மாமா அனுப்புகிறார். மகளிர் குழுத் தோழி அனுப்புகிறார். பிள்ளையின் வாத்தியார் அனுப்புகிறார். "வாத்தியார் பொய் சொல்வாரா?" என்று நினைக்கிறோம். வாத்தியார் பொய் சொல்லவில்லை. அவருக்கு வேறொருவர் அனுப்பினார். அவர் பயந்து நமக்கு அனுப்பினார். எல்லோரும் அக்கறையோடுதான் அனுப்புகிறார்கள். முதலில் அனுப்பியவர் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"படிக்காத ஜனங்கள், அதனால்தான் நம்பிவிட்டார்கள்" என்று நகரத்தில் சிலர் எழுதினார்கள். இது சரியல்ல. கேரளாவில் எழுத்தறிவு மிக அதிகம். அங்கேயே 2017-இல் தட்டம்மைத் தடுப்பூசி போடக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் புரளி பரவியது. படித்த பெற்றோரும் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பது ஒரு திறமை. வந்த செய்தியைச் சந்தேகப்படுவது வேறொரு திறமை. பட்டம் வாங்கியவர்களுக்கும் இரண்டாவதை யாரும் சொல்லித் தரவில்லை.

கம்பெனி என்ன செய்தது?

ராயின்பாடா கொலைக்குப் பிறகு மத்திய அரசு வாட்ஸ்அப் கம்பெனியைக் கண்டித்தது. அந்தக் கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது. ஃபேஸ்புக் 2014-இல் அதை விலைக்கு வாங்கியது. கம்பெனி இந்தியப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. பிறர் அனுப்பியதை அப்படியே அனுப்பினால் செய்தியின் மேல் அதற்கு ஓர் அடையாளம் வரும்படி செய்தது. 2018 ஜூலையிலேயே இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2019-இல் உலகம் முழுவதற்கும் அதே கட்டுப்பாடு. 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றது. அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் போவது 70 சதவீதம் குறைந்துவிட்டது என்று கம்பெனியே சொன்னது.

நல்லதுதான். ஆனால் ஐந்தை ஐந்தால் பெருக்கிய கணக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாய்க்காலுக்கு மடை போட்டார்கள். ஊற்றுக்கண் எங்கே என்பது தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அரசு கேட்டது. இதில்தான் பெரிய விவாதம் வந்தது. இன்றும் அது ஓயவில்லை.

தபால் கார்டும் ஒட்டிய கவரும்

தபால் கார்டில் எழுதினால் தபால்காரர் படிக்கலாம். கவரில் போட்டு ஒட்டினால் படிக்க முடியாது. வாங்குகிறவர்தான் பிரிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் 2016 ஏப்ரலிலிருந்து ஒட்டிய கவர் மாதிரிதான் போகிறது. அனுப்புகிறவர் செல்போனில் பூட்டு விழுகிறது. வாங்குகிறவர் செல்போனில் திறக்கிறது. நடுவில் கம்பெனிகூடப் படிக்க முடியாது.

இதனால் என்ன நன்மை? கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் தன் அக்காவுக்கு எழுதுகிறாள். நோயாளி டாக்டருக்கு எழுதுகிறார். முதலாளி கூலி தரவில்லை என்று தொழிலாளர்கள் சங்கத்துக்கு எழுதுகிறார்கள். இதையெல்லாம் மூன்றாவது ஆள் பார்க்கக் கூடாது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என்பது அந்தத் தீர்ப்பு.

அரசு 2021 பிப்ரவரியில் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. கடுமையான குற்றம் நடந்தால், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ கேட்டால், செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கம்பெனி சொல்ல வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் பயனாளிகள் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு இந்த விதி. "எல்லோர் கடிதத்தையும் நாங்கள் படிக்கக் கேட்கவில்லை. கவர் எந்த ஊரில் போட்டது என்றுதான் கேட்கிறோம்" என்பது போன்ற வாதம் அது. இறந்தவர் குடும்பத்தை நினைத்தால் இதில் நியாயம் இருப்பது தெரியும்.

வாட்ஸ்அப் கம்பெனி 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எந்தச் செய்தி பின்னால் குற்றமாகும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் எல்லோர் செய்திக்கும் அடையாளம் போட்டு வைக்க வேண்டியிருக்கும், கோடிக்கணக்கான நல்லவர்களையும் கண்காணித்தது போல ஆகும் என்றது. 2024 ஏப்ரலில், பூட்டை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப்பே இந்தியாவில் இருக்காது என்று அதன் வக்கீல் நீதிமன்றத்தில் சொன்னார்.

கம்பெனி சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதற்கு வியாபாரம் முக்கியம். ஆனால் படித்த பேராசிரியர்களே இதில் இரண்டு பக்கமாக நின்றார்கள். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இது போன்ற ஒரு வழக்கு நடந்தது. சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி, பூட்டை உடைக்காமலேயே முதலில் அனுப்பியவர் விவரத்தைச் செய்தியோடு சேர்த்து அனுப்ப வழி இருக்கிறது என்றார். பம்பாய் ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். விஷயம் தெரிந்த குற்றவாளி அந்த அடையாளத்தை மாற்றி வைத்துத் தப்பிவிடுவான், அப்பாவிதான் மாட்டுவார் என்பது அவர் கருத்து.

கராச்சி வீடியோவை வைத்தே இதை யோசித்துப் பாருங்கள். எடுத்தவர்கள் பாகிஸ்தானில். வெட்டியவர் எங்கே என்று தெரியாது. 2021 விதிப்படி, செய்தி வெளிநாட்டிலிருந்து வந்தால் இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரே முதல் ஆள் ஆவார். அவர் யாராக இருக்கலாம்? கலவரம் செய்ய நினைத்த ஒருவராக இருக்கலாம். "ஐயோ, இது உண்மையா?" என்று பயந்து தன் தங்கைக்கு அனுப்பிய ஒரு தாயாகவும் இருக்கலாம். இரண்டு பேரையும் இயந்திரம் ஒன்றாகத்தான் பார்க்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் அனுப்பியவரைப் பிடித்தால் மட்டும் போதுமா? ராயின்பாடாவில் கட்டையை எடுத்தது செல்போன் அல்ல. மனிதர்கள்தான் எடுத்தார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித்தான் பேசியது. கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டத்துக்கு ஒரு போலீஸ் அதிகாரியைப் பொறுப்பாக்குங்கள், வழக்குகளை விரைவாக நடத்துங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது.

கட்வால் மாவட்டத்தில் பறை கேட்டது

தெலங்கானாவில் ஜோகுளாம்பா கட்வால் என்று ஒரு மாவட்டம். 2018-இல் அங்கே ரெமா ராஜேஸ்வரி என்பவர் போலீஸ் கண்காணிப்பாளர். அவர் ஊருக்கு ஒரு போலீஸ்காரரைப் பொறுப்பாகப் போட்டிருந்தார். ஊருக்குப் போய் மக்களோடு பேசிக்கொண்டிருப்பது அவர் வேலை.

கோடை வந்தது. அந்தப் பக்கம் வெயில் கடுமை. மக்கள் கட்டிலை வாசலில் போட்டுத்தான் தூங்குவார்கள். ஆனால் அந்த வருடம் பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புழுக்கத்தில் உள்ளே கிடந்தார்கள். பிள்ளைகள் தெருவில் விளையாடவில்லை. இதைப் போலீஸ்காரர் ஒருவர் கவனித்தார். ஏன் என்று கேட்டார். செல்போனை எடுத்துக் காட்டினார்கள். பிள்ளைகளைக் கடத்தி உடல் உறுப்புகளை எடுக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று படமும் குரலும் வந்திருந்தன.

இன்னும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்குள் விஷயம் மேலதிகாரி காதுக்குப் போனது. அவர் செல்போனில் மறுப்புச் செய்தி அனுப்பியதோடு நிறுத்தவில்லை. பறை அடிக்கிறவர்களை அழைத்தார். நாட்டுப்புறப் பாடகர்களை அழைத்தார். போலீசாரும் சேர்ந்து பாடினார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் போனார்கள். அந்தப் படம் பொய் என்று ஊர்ப் பேச்சிலேயே, பாட்டாகவே சொன்னார்கள். கேட்கிறவர் எழுந்து கேள்வி கேட்கலாம். பதில் சொல்ல எதிரே ஒரு முகம் இருந்தது. பொறுப்பான போலீஸ்காரரின் தொலைபேசி எண்ணையும் ஊராரிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அந்த ஆண்டு பல மாநிலங்களில் உயிர்கள் போயின. ரெமா ராஜேஸ்வரி பொறுப்பில் இருந்த அந்தக் கிராமங்களில் இந்தப் புரளியால் ஒருவரும் சாகவில்லை.

திரிபுராவிலும் மைக் கட்டித்தானே சொன்னார்கள், அங்கே ஏன் கொலை நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே போனவர் ஊருக்குப் புதியவர். நெருப்பு பற்றிய பிறகு போனார். கட்வாலில் போனவர் ஊராருக்கு முன்பே பழக்கமான போலீஸ்காரர். அந்த வேறுபாடு பெரியது.

கேரளாவில் கண்ணூர் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி வேறு வழியில் போனார். தடுப்பூசிப் புரளியைப் பார்த்த பிறகு, சுமார் 150 அரசுப் பள்ளிகளில் ஒரு பாடம் தொடங்க வைத்தார். பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பாடம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம், "இது எங்கே வந்தது? யார் எழுதியது? எந்தத் தேதி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்போது கணினியே இல்லாத ஆளை உண்டாக்குகிறது. பேசாததைப் பேசியது போலக் குரல் செய்து தருகிறது. கராச்சி வீடியோவையாவது யாரோ உட்கார்ந்து வெட்ட வேண்டியிருந்தது.

உங்கள் செல்போனை எடுத்துப் பாருங்கள். வந்த செய்தியின் மேல் வளைந்த அம்புக்குறி ஒன்று இருந்தால், அனுப்பியவர் அதை எழுதவில்லை, வேறொருவரிடமிருந்து வாங்கி அனுப்பினார் என்று பொருள். இரண்டு அம்புகள் சேர்ந்து இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி. மாமாவே அனுப்பியிருந்தாலும், போன் செய்து, "மாமா, உங்களுக்கு யார் அனுப்பியது?" என்று கேட்கலாம். கிணற்றடியில் கேட்ட அதே கேள்விதான். தெருவில் ஒரு குழந்தை தனியாக அழுதுகொண்டு நின்றாலோ, யார் மேலாவது உண்மையாகவே சந்தேகம் வந்தாலோ, 1098 என்ற எண்ணுக்கும் 112 என்ற எண்ணுக்கும் காசில்லாமல் பேசலாம். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.